‘யூரின் டெஸ்ட் நார்மல்’னா தொற்று இல்லைன்னு அர்த்தமா? டெல்டா கர்ப்பிணிகளிடம் யாரும் சொல்லாத விஷயம்

தஞ்சாவூர் பக்கம் கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண் "ஒன்னுக்குப் போனா எரியுதும்மா" என்று வாயைத் திறந்தால், வீட்டில் அடுத்த நொடியே பதில் வந்துவிடும்: "சூடு புடிச்சிருக்கு." அதற்கான வைத்தியமும் ரெடி. இளநீர், நீர்மோர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், பார்லிக் கஞ்சி, ராத்திரி படுக்கும்போது தொப்புளில் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய். மறுநாள் எரிச்சல் கொஞ்சம் குறைந்தால் சூடு தணிந்துவிட்டது. குறையவில்லையா, இன்னொரு இளநீர்.

இந்தப் பட்டியலில் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான். சிக்கல் 'சூடு' என்ற அந்தப் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் வைத்ததும் விஷயம் அடுப்படியோடு முடிந்துவிடுகிறது. நர்ஸம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒன்றாகவே அது தோன்றுவதில்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்ப்பாதைத் தொற்று. அது வெயிலால் வருவதில்லை, பாக்டீரியாவால் வருகிறது. பெரும்பாலும் ஈ.கோலை என்ற, நம் குடலிலேயே வாழும் ஒரு கிருமி.

"பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று இந்த இடத்தில் முடித்துவிடுவது சுலபம். நர்சிங் கல்லூரி ஆய்வேடுகள் பலவற்றிலும் இதே முடிவுதான் வரும். கேள்வித்தாள் கொடுப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள், ஒரு வகுப்பு எடுப்பார்கள், மறுபடியும் மதிப்பெண் போடுவார்கள். மார்க் கூடியிருக்கும். ஆனால், கர்ப்பிணிக்குத் தெரியாதது பாதி என்றால், தெரியப்படுத்த வேண்டியவர்கள் சொல்லாதது மீதிப் பாதி. அதில் முதலாவது, மாதாமாதம் பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்கும் யூரின் எதற்காக என்பது.

அந்த டப்பாவில் என்ன பார்க்கிறார்கள்?

கர்ப்பம் பதிவானதிலிருந்து ஒவ்வொரு செக்கப்பிலும் சிறுநீர் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு விஷயங்கள்: அல்புமின், சர்க்கரை. கிராமத்தில் இதையே "உப்பு, சர்க்கரை பாக்குறது" என்பார்கள். அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் வந்தால், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும் ஆபத்துக்கு அது ஒரு எச்சரிக்கை. சர்க்கரை தெரிந்தால், கர்ப்பகால நீரிழிவா என்று ரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். இரண்டுமே அவசியமான சோதனைகள். ஆனால், இரண்டுமே கிருமியைத் தேடுவதில்லை.

ரிப்போர்ட்டில் 'நில்' என்று எழுதியிருக்கும். "யூரின் டெஸ்ட் நார்மல்" என்று சொல்லி அனுப்புவார்கள். கேட்பவர் காதில் அது எப்படி விழும்? யூரினில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான். அடுத்த வாரம் எரிச்சல் வந்தாலும், "இப்பத்தானே டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னுதானே சொன்னாங்க, அப்ப சூடுதான்" என்ற முடிவுக்கு ஒரு பெண் வந்தால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? கையில் இருக்கும் தகவலை வைத்து அவர் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். அந்தத் தகவலில்தான் பாதி இல்லை.

கிருமி இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் சோதனை யூரின் கல்ச்சர். சிறுநீரை ஒரு ஊட்டப்பொருளில் இட்டு, கிருமி வளர்கிறதா என்று ஒன்றிரண்டு நாள் காத்திருந்து பார்ப்பார்கள். வளர்ந்தால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் சோதிப்பார்கள். இதற்கு நுண்ணுயிரியல் ஆய்வகம் வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் அந்த வசதி உண்டு. தஞ்சையில் பிரசவம் என்றாலே நினைவுக்கு வரும் ராசா மிராசுதார் மருத்துவமனை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. திருவாரூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் வந்தது. ஆக, டெல்டாவில் ஆய்வகமே இல்லை என்ற நிலை இப்போது கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த ஆய்வகத்துக்கும் இடையே தினமும் ஒரு ஐஸ் பெட்டி போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

இடையில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் நைட்ரைட், வெள்ளை அணுக்கள் ஆகியவற்றைக் காட்டும். உடனே ரிசல்ட் கிடைக்கும். ஆனால் கர்ப்பிணிகளிடம் அறிகுறி இல்லாத தொற்றைப் பிடிப்பதில் அது பல நேரம் தவறவிடும். உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல், கல்ச்சரையே முதலில் சொல்கிறது. அது இல்லாத இடத்தில், சிறுநீரைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கிராம் ஸ்டெயின் முறை, பட்டையைவிட மேல் என்கிறது.

எரிச்சலே இல்லாத தொற்று

விஷயத்தின் கடினமான பகுதி இதுதான். கர்ப்பிணிகளில் 100-ல் 2 முதல் 10 பேருக்கு, சிறுநீரில் கிருமி கணிசமாக இருந்தும் ஒரு அறிகுறியும் இருக்காது. எரிச்சல் இல்லை, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அடிக்கடி பாத்ரூம் போவது மட்டும் இருக்கலாம். அது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இருப்பதுதானே? யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

1950-களின் நடுவில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் இதை எண்ணத் தொடங்கினார். ஒரு மில்லி சிறுநீரில் 1,00,000 கிருமிக்கு மேல் இருந்தால் அதைத் தொற்றாகக் கொள்ளலாம் என்ற அளவுகோல் அவர் வேலையிலிருந்து வந்ததுதான். இன்றைக்கும் கும்பகோணத்து லேப் ரிப்போர்ட்டில் அதே எண் இருக்கும். அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கும் மருந்து கொடுத்தால் சிறுநீரகத் தொற்று வெகுவாகக் குறைகிறது என்பதையும் அவர் காட்டினார்.

கர்ப்பத்தில் இது ஏன் ஆபத்து? கிருமி இருப்பது கர்ப்பம் இல்லாத பெண்களிடமும் கிட்டத்தட்ட இதே அளவில்தான். வித்தியாசம், அது மேலே ஏறுவதில். கர்ப்பத்தில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கர்ப்பப்பை அந்தக் குழாய்களை அழுத்தும், குறிப்பாக வலது பக்கத்தை. நீர் ஓட வேண்டிய இடத்தில் தேங்கும். வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகி சிறுநீரகத்தைத் தொட்டால், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி. அப்புறம் மருத்துவமனைப் படுக்கை, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். தாமதமானால் ரத்தத்தில் தொற்று பரவலாம், மூச்சுத்திணறல் வரலாம், குறைமாதத்தில் பிரசவ வலி எடுக்கலாம்.

அறிகுறி இல்லாத தொற்றைக் கவனிக்காமல் விட்டால், நான்கில் ஒருவருக்கோ அதற்கு மேலோ சிறுநீரகத் தொற்றாக மாறலாம் என்பது பழைய ஆய்வுகளின் கணக்கு. ஆனால், 2015-ல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அங்கே சிகிச்சை பெறாத பெண்களில் 2.4% பேருக்குத்தான் சிறுநீரகம் வரை போனது. குறைப்பிரசவத்தோடு தொடர்பும் தெரியவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் கல்ச்சர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆபத்துக் காரணிகள் குறைந்த ஐரோப்பியப் பெண்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. கர்ப்பகால நீரிழிவும் இங்கே அதிகம். நீரிழிவு இருந்தால் சிறுநீர்த் தொற்றின் வாய்ப்பும் கூடும். ஆம்ஸ்டர்டாமுக்குப் பொருந்தும் முடிவை அம்மாபேட்டைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அமெரிக்க நிபுணர் குழு 2019-ல் தன் பரிந்துரையைப் புதுப்பித்தபோதும், கர்ப்பிணிகளுக்குக் கல்ச்சர் செய்வதைக் கைவிடவில்லை.

'சூட்டு வலி' என்ற இன்னொரு சூடு

தமிழ் வீடுகளில் சூட்டுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. ஏழாம், எட்டாம் மாதத்தில் அடிவயிறு இழுத்துப் பிடித்தால் "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி, சரியாயிடும்" என்பார்கள். பாட்டிகளின் இந்தக் கணிப்பு பல முறை சரியாகவே இருக்கும். பிரசவத்துக்கு முன் வந்துபோகும் பொய் வலிக்குத்தான் அந்தப் பெயர். படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும்.

ஆனால், சிறுநீர்த் தொற்றும் அதே அடிவயிற்றில்தான் வலிக்கும். தொற்றால் கர்ப்பப்பை தூண்டப்பட்டு வரும் உண்மையான குறைமாத வலியும் அதே இடத்தில்தான் தொடங்கும். மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர், ஒரே சீரகத் தண்ணீர். எது எது என்று பிரிக்க வேண்டிய கட்டாயம் பாட்டிக்கு இருந்ததில்லை, ஏனென்றால் பாட்டி காலத்தில் போக இடமும் இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பிரசவத்துக்கு மருத்துவமனை என்பது யாரும் விவாதிக்காத விஷயமாகிவிட்டது. எரிச்சலுக்கும் இழுத்துப் பிடிக்கும் வலிக்கும் மருத்துவமனை என்பதுதான் இன்னும் ஆகவில்லை.

அதற்குக் கூச்சமும் ஒரு காரணம். எரிச்சல் 'அந்த இடத்தில்' இருக்கிறது. மாமியாரிடம் சொல்லலாம், ஆனால் சூடு என்றுதான் சொல்ல முடியும். கணவரிடம் சொன்னால், இது 'வேற ஏதாவது' நோயோ என்ற சந்தேகம் வருமோ என்று பயம். சிறுநீர்த் தொற்று பால்வினை நோய் வகையில் சேர்ந்தது இல்லை. யாருடைய ஒழுக்கத்தோடும் அதற்குச் சம்பந்தம் கிடையாது. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான், மலவாய்க்கும் பக்கம். கிருமிக்கு அது குறுகிய தூரம். உடலுறவுக்குப் பின் தொற்று வருவதும் இந்த உடலமைப்பால்தான். அதற்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணமும் அதுவே. வெள்ளைப்படுதலையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்பவர்களும் நிறைய. இரண்டும் வேறு, மருந்தும் வேறு.

மறைவு இல்லாத வயல்

தொற்று வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எந்தப் போஸ்டரும் ஒப்பிக்கும்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள். இந்த ரெண்டு வரியையும் சம்பா நடவில் நிற்கும் ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்க்கலாம்.

டெல்டா வயல் பலகை மாதிரி சமதளம். நடவு நேரத்தில் நாற்று முழங்கால் உயரம்கூட இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் மின்னும். அதில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவார்? வாய்க்கால் கரையில் மூங்கில் கொத்து இருந்தால் அதிர்ஷ்டம். அங்கேயும் பைக்கில் யாராவது போவார்கள். அதனால், காலையில் வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானம் கரையேறும் வரை அடக்கிக்கொள்வது பழக்கமாகிறது. அடக்க வேண்டாம் என்றால் ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தோடு வேலை பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது. நடவு இயந்திரம் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் நடக்கிறது என்பது உண்மை. ஆனாலும் களை பறிப்பு பெண்கள் கையில்தான். கூலி போனால் வீட்டுக் கணக்கு இடிக்கும் என்பதால் வயிற்றில் குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது பெரிய செய்தியானது. அந்த விடுப்பு சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. வயல் கூலிக்குச் சம்பளப் பட்டியல் ஏது?

100 நாள் வேலைத் திட்டச் சட்டம் 2005-ல் வந்தபோது, வேலையிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டார்கள். கழிப்பறை அந்தப் பட்டியலில் இல்லை. பெண்கள் பெருமளவில் வேலை செய்த ஒரு திட்டத்தில் இதை மறந்தது சின்ன மறதி இல்லை.

ஊருக்குள் வந்தாலும் கதை பெரிதாக மாறாது. கும்பகோணத்திலும் தஞ்சையிலும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. இடையில் பாத்ரூம் போக யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, எத்தனை முறை போகலாம் என்பதெல்லாம் சூப்பர்வைசரின் முகத்தைப் பொறுத்தது. பள்ளி ஆசிரியை இரண்டு பீரியடுக்கு நடுவே அடக்குகிறார். வங்கியில் வேலை பார்ப்பவர் கவுன்ட்டர் மூடும் வரை அடக்குகிறார். மயிலாடுதுறையிலிருந்து தினமும் பஸ்ஸில் தஞ்சை வந்து போகிறவர், ஸ்டாண்டில் இருக்கும் கட்டணக் கழிப்பறையின் நிலையை நினைத்தே காலையில் காபியோடு நிறுத்திக்கொள்கிறார். கழிப்பறை சீட்டில் உட்கார்ந்தால் தொற்று ஒட்டிக்கொள்ளும் என்ற பயமும் இதில் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் சீட்டிலிருந்து சிறுநீர்த் தொற்று வருவது மிக அபூர்வம். அழுக்கான கழிப்பறையால் அதிகம் வரும் கெடுதல், அதற்குப் பயந்து மணிக்கணக்கில் அடக்குவதுதான்.

"மாத்திரை புள்ளைக்கு ஆகாது"

கல்ச்சர் எடுத்து, கிருமி இருப்பது தெரிந்து, மருந்தும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு தடங்கல். கர்ப்பத்தில் மாத்திரை போடக்கூடாது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. இரண்டு நாள் சாப்பிட்டு எரிச்சல் நின்றதும் "எதுக்கு வீணா" என்று நிறுத்திவிடுகிறார்கள். அறிகுறியே இல்லாதவர்களிடம் இது இன்னும் கஷ்டம். நோயே தெரியாதவருக்கு 7 நாள் ஆன்டிபயாடிக் என்றால் ஏன் என்று கேட்கத்தான் செய்வார். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது அந்த 7 நாளைத்தான்.

மாத்திரைப் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்று சொல்ல முடியாது. எல்லா ஆன்டிபயாடிக்கும் கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானது இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளைக் கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்ப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் "நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டால் கைக்கு வரக்கூடியது பெரும்பாலும் இந்த வகைதான். வாங்கப் போவது கணவரோ தம்பியோ. கர்ப்பிணிக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் வாங்கி வருவார். டிரைமெத்தோப்ரிம் கலந்த மாத்திரை முதல் மூன்று மாதத்தில் வேண்டாம் என்பார்கள், அது ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால். நைட்ரோஃபுரான்டாயின் நன்றாக வேலை செய்யும், ஆனால் பிரசவம் நெருங்கும் வாரங்களில் கொடுப்பதில்லை. செஃபலெக்சின், அமாக்சிசிலின், ஒரே வேளை குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் என்று கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை மாதத்தையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ரிப்போர்ட் ஏன் முக்கியம் என்றால், இந்தியாவில் ஈ.கோலை பல மருந்துகளுக்குப் பழகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பில் இது ஆண்டுதோறும் தெரிகிறது. பாதியில் நிறுத்திய மாத்திரைகளும், சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைகளும் சேர்ந்து செய்த வேலை. ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு 2016-ல் பிரச்சாரம் செய்தது. அந்தக் கோட்டைக் கவனித்தவர்கள் எத்தனை பேர் என்று நம் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

எரிச்சல் குறைய மெடிக்கலில் தரும் சிட்ரேட் சிரப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து எரிச்சலைத் தணிக்கும். கிருமியைக் கொல்லாது. எரிச்சல் போய்விட்டது, கிருமி அப்படியே இருக்கிறது என்ற நிலை கர்ப்பத்தில் நல்லதல்ல. இன்ஸ்டாகிராம் சிபாரிசு செய்யும் கிரான்பெரி ஜூஸும் அப்படித்தான். அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது உதவலாம் என்று 2023-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது, ஆனால் கர்ப்பிணிகளிடம் பலன் தெரியவில்லை. ஒரு பாட்டில் விலைக்கு ஒரு வாரத்துக்கான இளநீர் வாங்கலாம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய வேலையா?

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதை இல்லை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை நாட்டிலேயே முதலில் வழக்கமாக்கிய மாநிலம் இது. நீரிழிவு மருத்துவர் வி.சேஷையா முன்னெடுத்த முயற்சி அது. வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. கிராமத்துப் பெண் காலையில் பட்டினியாக பஸ் ஏறி வர முடியாது என்ற நடைமுறைக் காரணத்தையும் யோசித்து வடிவமைத்த முறை. இன்று யாரும் அதைக் கூடுதல் சுமை என்று சொல்வதில்லை.

யூரின் கல்ச்சரையும் அப்படிச் சேர்க்க முடியும். கர்ப்பம் முழுக்க ஒரு முறை, 12 முதல் 16 வாரத்துக்குள் எடுத்தால் போதும் என்பதுதான் பல நாடுகளின் நடைமுறை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்காகவும் பிக்மி எண்ணுக்காகவும் பெண்கள் ஏற்கெனவே சீக்கிரமே பதிவு செய்கிறார்கள். முதல் மூன்று மாதத்திலேயே பதிவாகிறவர்கள் நான்கில் மூன்று பேர். ஆள் வந்துவிட்டார், டப்பாவும் கொடுத்துவிட்டார். அந்த டப்பாவில் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவே. எல்லோருக்கும் உடனே முடியாவிட்டால் நீரிழிவு உள்ளவர்கள், முன்பு தொற்று வந்தவர்கள், முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள் என்று தொடங்கலாம். தனியார் லேபில் சில நூறு ரூபாய் ஆகும் இந்தச் சோதனை, ஒரு நாள் கூலியை இழந்து வந்திருக்கும் பெண்ணுக்குப் பெரிய தொகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேகரித்து அனுப்பினால் அவருக்குச் செலவில்லை.

பணமே செலவாகாத வேலை ஒன்றும் இருக்கிறது. தாய்-சேய் நல அட்டையில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவை எழுதும்போது, "இது உப்பும் சர்க்கரையும் பார்த்தது, எரிச்சல் இருந்தா தனியா சொல்லணும்" என்று கிராம சுகாதார செவிலியர் ஒரு வரி சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் "ஒன்னுக்குப் போறப்ப கடுக்குதா?" என்று அவரே கேட்டுவிட்டால், கூச்சப்படும் பெண் தலையாட்டினால் மட்டும் போதும்.

கல்ச்சருக்குக் கொடுக்கும்போது

சாம்பிள் எடுப்பதிலும் பாதி ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. 'கலப்பு வளர்ச்சி' என்று வந்தால் பெரும்பாலும் தோலில் இருந்த கிருமி கலந்துவிட்டது என்று பொருள். திரும்ப எடுக்கச் சொல்வார்கள், திரும்ப ஒரு பஸ் செலவு. கையைக் கழுவி, அந்தப் பகுதியைத் தண்ணீரால் சுத்தம் செய்துவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட வேண்டும். நடுவில் வருவதை மட்டும் லேப் கொடுத்த மூடியுள்ள டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. வீட்டு பாட்டில் வேண்டவே வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகவில்லை என்றால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

சுத்தம் செய்யும்போது முன்னிருந்து பின்னாக. வாசனை வாஷ்கள் தேவையில்லை, தண்ணீரே போதும்.

எரிச்சல், கடுப்பு, சிறுநீரில் ரத்தம், வழக்கத்துக்கு மாறான நாற்றம் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள் என்றாலும் மற்ற நாளிலும் பார்ப்பார்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் பக்கவாட்டில் வலி, நிற்காத வாந்தி, அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ராத்திரி என்றால் 108. சீரகத் தண்ணீரை வண்டி வரும் வரை குடித்துக்கொள்ளலாம்.

ஒருமுறை தொற்று வந்து மருந்து முடித்தவர்கள், குணமாகிவிட்டதா என்று மறுபடியும் கல்ச்சர் எடுத்து உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதே கர்ப்பத்தில் திரும்பவும் வரலாம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது அந்த ரிப்போர்ட்டையும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாபநாசத்தில் பார்த்த டாக்டருக்குத் தெரிந்தது, பட்டுக்கோட்டையில் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டருக்கும் அப்போதுதான் தெரியும்.